உலகப் பக்கமும் உள்ளூர்ப் பக்கமும்

1996இல் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்ட பசுமைத் தொழில்நுட்பம் காற்றாலை இல்லை, சோலாரும் இல்லை. மூலிகை பெட்ரோல். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, ஒரு செடியின் இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கலக்கினால் வண்டி ஓடும் என்றார். டெல்லியில் விஞ்ஞானிகள் முன்னால் செய்தும் காட்டினார். மறுநாளிலிருந்து அவர் படம் வராத பத்திரிகை இல்லை. படிக்காத கிராமத்து மேதை, தமிழன், அவனை எதிர்த்து நிற்கும் எண்ணெய் நிறுவனங்கள், அங்கீகரிக்க மறுக்கும் டெல்லி. ஒரு சினிமாவுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. இல்லாதது வேதியியல் மட்டும்தான்.

கலக்கும் குச்சிக்குள் எரிபொருளை ஒளித்துவைத்து வித்தை காட்டுகிறார் என்று விஞ்ஞானிகள் சொன்னபோது, அந்தச் செய்தியும் வந்தது. ஆனால் அது மறுப்பாக வந்தது, சின்னதாக. வாசகர் மனதில் ‘சதி’ என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. 2000இல் சிபிஐ அவரைக் கைது செய்தது. டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலிய வேதிப்பொருள்களைக் கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக வழக்கு. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்த பிறகும் ‘பாவம், நல்ல கண்டுபிடிப்பை அமுக்கிவிட்டார்கள்’ என்று சொல்பவர்களை டீக்கடையில் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் படித்தது முதல் செய்தியை. தீர்ப்பு இருபது வருடம் கழித்து வந்தது.

இதே காலத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வந்த காற்று நிஜமாகவே மின்சாரம் ஆகிக்கொண்டிருந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக்காக நிறுத்தப்பட்டது முதல் காற்றாலைப் பண்ணை. பத்தே ஆண்டுகளில் அந்தக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் வட்டாரம் முழுக்க இறக்கைகள் சுழன்றன. சில நூறு மெகாவாட் திறனுடன் இந்தியாவிலேயே தமிழ்நாடு முன்னால் நின்றது. பத்திரிகையில் அது எங்கே வந்தது? வணிகப் பக்கத்தில், வருமான வரிச் சலுகையாக. காற்றாலை வாங்கினால் அதன் மதிப்பு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று அன்று மத்திய அரசு அனுமதித்தது. நூற்பாலை முதலாளிகள் வரிசையில் நின்றதற்கு அதுவே காரணம். அதற்கு வெளியே காற்றாலை என்பது பாட்டுக் காட்சிக்குப் பின்னணி. கதாநாயகன் கையை விரித்து ஓட, பின்னால் வெள்ளை இறக்கைகள் சுற்றும். கிராமத்துப் பேச்சில் வேறு கதை: காற்றாலை வந்ததிலிருந்து மேகம் நிற்பதில்லை, மழை போய்விட்டது. இந்தச் சந்தேகத்தை எடுத்து, சரியா தவறா என்று விளக்கி ஒரு நிருபர் எழுதியிருந்தால் அது நல்ல செய்தியாகியிருக்கும். எழுதியவர்கள் பெரும்பாலும் ‘விவசாயிகள் புகார்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள்.

வானிலைச் செய்தி என்பது அன்று இன்னொரு தனி உலகம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம், அடுத்த 24 மணி நேரத்துக்கு வானம் மேகமூட்டத்துடன் காணப்படும். மழை பெய்துவிட்டால் ‘இயற்கையின் கோரத்தாண்டவம்’. அதற்கப்பால் காரணம் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் தாண்டவம் ஆடியது யார் என்று தலைப்பிலேயே சொல்லியாகிவிட்டது.

புவி வெப்பமாதல்? அது வெளிநாட்டுச் செய்தி. 1988 ஜூனில் ஜேம்ஸ் ஹேன்சன் என்ற நாசா விஞ்ஞானி அமெரிக்க செனட் குழுவின் முன்னால், வெப்பமாதல் தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. அதற்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் செய்தது விசித்திரமான காரியம். ஒரு விஞ்ஞானி ‘ஆம்’ என்றால் பக்கத்திலேயே ‘இல்லை’ சொல்ல ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். நடுநிலையாம். பாய்காஃப் சகோதரர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, 1988 முதல் 2002 வரை அந்நாட்டின் நான்கு பெரிய நாளிதழ்களை அலசியது. பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகள், மனிதர்களால் வெப்பம் கூடுகிறது என்ற கருத்துக்கும் இயற்கையாகவே கூடுகிறது என்ற கருத்துக்கும் ஏறத்தாழச் சம இடம் கொடுத்திருந்தன. ஆராய்ச்சி உலகில் அந்தச் சமநிலை இருக்கவே இல்லை. பிபிசி தன் செய்தியாளர்களுக்கு, வெப்பமாதல் நடப்பதை மறுப்பவரைச் சமநிலைக்காகக் கூட்டிவர வேண்டியதில்லை என்று எழுத்திலேயே அறிவுறுத்த 2018 ஆயிற்று.

இந்தியாவில் இந்த வியாதி அவ்வளவாக இல்லை. ஜேம்ஸ் பெயின்டர் 2011இல் ஆறு நாட்டுப் பத்திரிகைகளை ஒப்பிட்டு எழுதினார். மறுப்பாளர்களின் குரல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்தான் கொழித்தது, இந்தியாவில் அது அரிது என்பது அதில் தெரிந்தது. நமக்கு இருந்தது வேறு பழக்கம். 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய ஒரு சிறு நூல், புகையைக் கக்கியது பணக்கார நாடுகள், பழி மட்டும் ஏழை நாட்டு நெல் வயலுக்கும் மாட்டுக்குமா என்று கேட்டது. நியாயமான கேள்வி, இன்றும் செல்லும். ஆனால் பத்திரிகைகள் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டன. ரியோ, கியோட்டோ, கோபன்ஹேகன் காலநிலை மாநாடுகள் எல்லாமே இந்தியா விட்டுக்கொடுத்ததா இல்லையா என்ற கிரிக்கெட் ஸ்கோராகவே வந்தன. குற்றவாளி அயல்நாட்டில் இருப்பதால் நிருபரை அனுப்ப வேண்டியதில்லை; ஏஜென்சி காப்பியை மொழிபெயர்த்தால் போதும்.

இதில் பத்திரிகை அலுவலகத்தின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை ஆங்கிலத்தில் டெஸ்க்குக்கு வரும்; ஒரு துணை ஆசிரியர் இரவு பத்து மணிக்கு அதை மொழிபெயர்த்து உலகப் பக்கத்தில் வைப்பார். கடலூரில் நெல் மூழ்கிய செய்தியைப் பகுதிநேர நிருபர் அனுப்புவார். அது மாவட்டப் பதிப்பில் போகும், அடுத்த மாவட்டத்துக்காரர் கண்ணில்கூடப் படாது. காற்றாலை வணிகப் பக்கத்தில். மூன்றையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை. வாசகரும் ஐந்தாம் பக்கத்தையும் பதின்மூன்றாம் பக்கத்தையும் சேர்த்துவைத்துப் படிக்க மாட்டார். 2012இல் மின்வெட்டு கோவையையும் மதுரையையும் பாடாய்ப் படுத்தியது. முதல் பக்கத்தில் இருண்ட ஊர்கள். அந்த ஆண்டுகளிலேயே, மின்தொடரமைப்பு வசதி போதாததால் காற்றுப் பருவத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று உற்பத்தியாளர்கள் புலம்பியது உள்பக்கத்தில். இந்த இரண்டையும் ஒரே செய்தியாகப் படிக்க வாசகர் கொஞ்சம் துப்பறிவாளராக இருக்க வேண்டியிருந்தது.

விதிவிலக்குகள் இருந்தன, அவை பெரும்பாலும் சிறியவை. நெடுஞ்செழியன் தொடங்கிய பூவுலகின் நண்பர்கள் சிறு வெளியீடுகளாகக் கொண்டுவந்த எழுத்துக்கள், தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள், பிறகு 2007இல் வந்த பசுமை விகடன், 2013க்குப் பின் இந்து தமிழின் ‘உயிர் மூச்சு’ இணைப்பு. வெகுசன நாளிதழ்களுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டம், ஸ்டெர்லைட் ஆலை என்று மண்ணும் தண்ணீரும் கெடும்போது தமிழ் ஊடகங்கள் மண்டியிட்டு விடவில்லை. ஊர்க்காரர் பேச்சைக் கேட்டு எழுதின. கண்ணுக்குத் தெரிகிற கழிவைப் பற்றி எழுதத் தெரிந்த நமக்கு, கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பற்றி எழுத வரவில்லை.

காலம் திரும்பிய நாளைச் சொல்லிவிடலாம். 2015 டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு வெள்ளம் காரணமாக இப்படி ஆனது அதுவே முதல் முறை. வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டியவர்களின் வீட்டிலேயே வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்.

அந்த வாரத்திலிருந்து காலநிலை மாற்றம் உலகப் பக்கத்தை விட்டு இறங்கி முதல் பக்கத்துக்கு வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் அது விருந்தாளியாகவே உட்கார்ந்துகொண்டது. அப்போது பாரிஸில் காலநிலை மாநாடும் நடந்துகொண்டிருந்ததால் வெளிநாட்டு ஊடகங்களுக்கும் சென்னை கைக்கு அடக்கமான உதாரணமாயிற்று. இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். ஃபிரடரிக்கா ஓட்டோ உள்ளிட்ட விஞ்ஞானிகள் இந்த மழையை எடுத்து, மனிதர்கள் வெளியிட்ட வாயுக்கள் இல்லாத உலகில் இதே மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு, இருக்கிற உலகில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புவி வெப்பமாதலின் பங்கு என்று எதையும் அவர்களால் கண்டறிய முடியவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் நீர்ப்பரப்பு வெப்பம் எதிர்பார்த்தபடி கூடாதது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2016இல் வெளியான இந்த முடிவு தமிழில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? இந்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறப்பு முறையைக் குறிப்பிட்டு, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. அது தலைப்புச் செய்தியானது, மூன்று நாள் அரசியல் ஆனது, ஓய்ந்தது.

இதனால் காலநிலை மாற்றம் பொய் என்று ஆகிவிடாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். பெருமழை இன்னும் பெருமழை ஆவதற்கான இயற்பியல் அது. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்த ஒரே விளக்கத்தை ஒட்டிவிட்டால் பழைய கோரத்தாண்டவமே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி ஆகிறது. அன்று இயற்கை செய்தது, நாம் என்ன செய்ய முடியும் என்றார்கள் அதிகாரிகள். இன்று காலநிலை மாற்றம் செய்தது, நூறாண்டு காணாத மழை, நாம் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். மைக்கைப் பிடித்த நிருபர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார். பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டட அனுமதி கொடுத்த கையெழுத்து யாருடையது என்ற கேள்வி அதற்குள் வடிந்துவிடுகிறது. தண்ணீர் வடிவதற்கு முன்னாலேயே.

2019இல் கதை தலைகீழ். புழல் ஏரி வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. செயற்கைக்கோள் படங்கள் உலகம் சுற்றின; லியனார்டோ டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் சென்னையைப் பற்றிப் பதிவிட்டார். குடத்தைத் தூக்கி லாரிக்கு அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு ஹாலிவுட் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது என்பதுபோல உள்ளூர்ச் சேனல்கள் அந்தப் பதிவையும் செய்தியாக்கின.

ஊடகத்தில் உண்மையாகவே வளர்ந்த ஒன்று வானிலைச் செய்தி. எஸ். ஆர். ரமணன் மழைக்கால மாலைகளில் தொலைக்காட்சியில் நிதானமாகப் பேசியதிலிருந்து இது தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் அவர் ஓய்வு பெறுவதற்குள்ளாகவே ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானைப் பின்தொடரும் கூட்டம் உருவாகிவிட்டது. எல் நினோ, ரெட் அலெர்ட், எம்ஜேஓ, ரேடார் படம் எல்லாம் இன்று வாட்ஸ்அப்பில் சரளமாகப் புழங்குகின்றன. முன்பு வானிலை அறிக்கையைக் கேலி செய்த ஊர், இப்போது மேகக்கூட்டத்தின் நிறத்தைப் பார்த்து வாதிடுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காலநிலைச் செய்தியாளர்கள் பல்லாண்டு முயன்று அடையாததை, மழைமேல் இருக்கும் ஆர்வத்தை வைத்தே தமிழ்நாட்டில் சில வலைப்பதிவர்கள் சாதித்துவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. சரி, கொஞ்சம் மிகைதான்.

அந்த அறிவு சோதனைக்கு வந்தது 2023 டிசம்பரில். 18ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கினார்கள். முன்கூட்டியே சொன்னோம் என்றது மத்திய அரசு. சொன்னது இந்த அளவு மழை இல்லை என்றது மாநில அரசு. ஊடகங்கள் இரண்டு பக்கமும் நின்று ஸ்கோர் சொல்லின. இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பெரிய மழையை முன்னறிவிக்க இன்றைய கணினி மாதிரிகளால் எவ்வளவு முடியும், தென் மாவட்டங்களுக்கு எத்தனை ரேடார் இருந்தது, தாமிரபரணியின் கால்வாய்க் கரைகள் எங்கே உடைந்தன என்பவை அந்தச் சண்டையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. அங்கங்கே நல்ல நிருபர்கள் எழுதவும் செய்தார்கள். நான் சொல்வது பெரும்போக்கை.

இனி தொழில்நுட்பம். மூலிகை பெட்ரோல் காலத்தின் அற்புதம் போய் இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம்: ஒரே இடத்தில் அன்று உலகிலேயே பெரியது, 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல், எட்டு மாதத்தில் கட்டி முடித்தது, ரூ.4,550 கோடி, ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மின்சாரம். உலகத் தொலைக்காட்சிகள் ட்ரோனோடு வந்தன. தமிழ்ச் செய்திகளும் அதே எண்களை அதே வரிசையில் அடுக்கின. மின்கார் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் தூத்துக்குடித் தொழிற்சாலை, கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல் ஆலை எல்லாவற்றுக்கும் இதே அச்சு: எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை, முதல்வர் ரிப்பன் வெட்டும் படம்.

இந்த எண்களில் ஒரு பழைய குழப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெகாவாட் என்பது இயந்திரத்தின் திறன். வீட்டுக்கு வரும் பில்லில் இருப்பது யூனிட். சோலார் நிலையம் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்துத் தருவது அதன் முழுத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ராத்திரி என்ற ஒன்று இருக்கிறதே. காற்று மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வீசும், பிறகு மூச்சு வாங்கும். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சோலார் கைகொடுத்தது. மாலை ஆறரைக்குச் சூரியன் சாய்ந்து வீட்டுக்கு வீடு ஏசி ஓடும்போது யார் கைகொடுத்தது என்பது மின்வாரியத்தின் நிஜமான தலைவலி. அந்த மாலை நேரத்தைப் பற்றிய செய்தியைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். பேட்டரியும் நீரேற்று மின்நிலையமும் ரிப்பன் வெட்டும் நாளில் மட்டும் தலைகாட்டுகின்றன.

முப்பந்தலுக்கே இன்று திரும்பப் போனாலும் ஒரு சுவையான செய்தி காத்திருக்கிறது. தொண்ணூறுகளில் வரிச்சலுகைக்காக நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் காற்று சிறப்பாக வீசும் இடங்களை இன்னும் பிடித்துவைத்திருக்கின்றன. இப்போது வரும் ஒரு காற்றாலை இரண்டு, மூன்று மெகாவாட்; பழையதில் பத்துக்குச் சமம். பழையதை எடுத்துப் புதியதை நிறுவ 2024 ஆகஸ்டில் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. கட்டணங்கள் கட்டுப்படியாகாது என்று நூற்பாலைகள் உயர் நீதிமன்றம் போயின. நிலம், காற்று, பணம், சட்டம், வரலாறு என்று எல்லாமே ஒரு கணவாய்க்குள் அடங்கிய கதை. இதுவும் வணிகப் பக்கத்தில் நான்கு பத்தியாகவே வந்தது. சில விஷயங்கள் மாறவே இல்லை.

மின்சார ஸ்கூட்டரின் கதையில் இன்னொரு கோணல். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த மாதங்களில் எரியும் ஸ்கூட்டர் வீடியோ இல்லாத செய்தி நேரமே இல்லை. பயம் நியாயமானது, பேட்டரி தரமும் வெயிலும் உண்மையான கேள்விகள், மத்திய அரசும் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. ஆனால் லட்சம் வண்டிக்கு எத்தனை எரிகிறது, பெட்ரோல் வண்டியில் எத்தனை எரிகிறது என்று ஒப்பிட்ட செய்தியைப் பார்த்த நினைவில்லை. யூடியூபில் எதிர்த் திசை: நிறுவனம் கொடுத்த வண்டியை ஓட்டிப் பார்த்து, ‘ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை பைசாதான் நண்பர்களே’ என்கிறார்கள். அச்சமூட்டும் சேனலும் ஆசைகாட்டும் சேனலும் ஒரே கைபேசியில் மாறி மாறி வர, வாங்க நினைப்பவர் பக்கத்து வீட்டு மாமாவைத்தான் கடைசியில் கேட்கிறார்.

இத்தனைக்கும் நடுவே மிகக் குறைவாக எழுதப்படும் பேரிடர் வெயில். மழைபோல அது படத்துக்கு அகப்படுவதில்லை. கத்திரி தொடங்கியதும் பத்திரிகையில் வருபவை நமக்கு மனப்பாடம்: வண்டலூரில் யானைக்கு ஷவர், குளத்தில் குதிக்கும் சிறுவர்கள், குவியலாகத் தர்பூசணி. சாஃப்ரன் ஓநீல் தலைமையில் ஐரோப்பியப் பத்திரிகைகளில் 2019 வெப்ப அலைப் படங்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். செய்தி ஆபத்தைச் சொல்லும், படம் கடற்கரைக் கொண்டாட்டத்தைக் காட்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் அபாயம் இரு மடங்கு என்றது அவர்கள் ஆய்வு. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்கள் அவர்கள். 2024 மார்ச்சில் பிபிசி அதை வெளியிட்ட பிறகே பலருக்குத் தெரிந்தது. ஆய்வு நடந்தது நம் ஊரில். செய்தி லண்டன் சுற்றி வந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்றது. ஆணை வந்த அன்று எல்லாப் பத்திரிகைகளும் வெளியிட்டன. தூத்துக்குடி உப்பளத்தில் மயங்கி விழுந்து இறந்தவர் குடும்பம் யாராவது அந்தத் தொகைக்கு விண்ணப்பித்தார்களா, இறப்புச் சான்றிதழில் வெயில் என்று எழுத மருத்துவர் சம்மதித்தாரா, மாரடைப்பு என்று எழுதிவிட்டாரா? இதை விசாரிக்க ஐபிசிசி அறிக்கையை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மாவட்டப் பதிப்பின் நிருபர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் தெரிந்துவிடும்.